மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

மொறிஸ் மைனரின் பொனற்றை ஒருதரம் குறுக்காகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து உருண்டு எழும்பி வரும் தகடு நடுவுக்கு வந்ததும் தட்டையாகும். நாலு அங்குலம் அப்படியே போய், மற்றப் பக்கம் மறுபடியும் சரியத் தொடங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை அழகுக்கு வைத்த பட்டி என்றுதான் நினைப்பார்கள். அது ஒரு வெட்டின் தழும்பு.

காரின் வடிவம் முடிவாகி, தகடு அடிக்கும் அச்சுகளும் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அகலம் போதாது என்று முடிவு செய்தார். வண்டியை நெடுக இரண்டாகப் பிளக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலத்தில் கண்ணுக்குச் சரியென்று பட்டது, அங்கேயே நிறுத்தினார். பம்பர்கள் ஏற்கெனவே அடித்து முடிந்திருந்தபடியால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத் துண்டு பூட்டித்தான் முதற் கார்கள் வெளியே வந்தன. 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அந்தக் கார் சனங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

எனக்கு அந்த நாலு அங்குலத்தைத் தொட்டுக் காட்டியவர் அப்பா. அவர் கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே நின்ற சாம்பல் நிற மொறிஸ் மைனரின் பொனற்றில் என்னுடைய கையைப் பிடித்து வைத்து, "இதிலை பார், மனிசன் பிழையைக் கண்டான், மறைக்காமல் திருத்தியிருக்கிறான்" என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை. தகட்டின் சூடு மட்டும் உள்ளங்கையில் சுட்டது.

இங்கிலாந்தில் ஒக்ஸ்ஃபோட் நகரத்தை ஒட்டியிருக்கும் கௌலியில்தான் இந்தக் கார் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ‘மொஸ்கிற்றோ’ என்ற மறைபெயரில் வேலை தொடங்கிவிட்டது. கொம்பனியின் முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இந்த உருவம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று பழித்தார் என்பார்கள். அவருடைய வாய்க்குத் தப்பிப் பிழைத்த அந்தக் கார்தான் 1960களின் தொடக்கத்தில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் ஆனது. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சம் அளவில் வெளியே போயிருந்தன. இங்கிலாந்தில் தபாற்காரர்களுக்கும் கிராமத்து மருத்துவத் தாதிமாருக்கும் பொலிசுக்கும் அது வேலை வண்டியாக உழைத்தது.

நான் சொல்ல வந்தது அந்தப் புகழைப் பற்றி அல்ல, பொனற்றைத் திறந்தால் தெரியும் இடத்தைப் பற்றி. இசிகோனிஸ் இந்தக் காருக்கென்று நாலு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் அகலமான எஞ்சின் ஒன்றை நினைத்து வைத்திருந்தார். அது கைகூடவில்லை. பழைய மொறிஸ் எயிற் காரிலிருந்து 918 சி.சி. எஞ்சினை எடுத்து நிமிர்த்தி நிறுத்தினார்கள். 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் சேர்ந்து பி.எம்.சி. ஆனபிறகு ஒஸ்ரினின் ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது. முதலில் 803 சி.சி., 1956இல் 948, 1962இல் 1098. எல்லாமே ஒடுங்கலான எஞ்சின்கள். அகல எஞ்சினுக்கென்று விட்ட இடத்தோடு வெட்டிக் கூட்டிய நாலு அங்குலமும் சேர்ந்துகொண்டது. அதனால் எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் முழங்கை வரை கையை விட்டு வேலை செய்யலாம். டைனமோவைக் கழற்ற வேண்டுமா, கழற்றலாம். பிளக், டிஸ்ரிபியூட்டர், பெற்றோல் பம்ப் எதற்கும் இன்னொன்றைக் கழற்றத் தேவையில்லை. ஒரு மனிதன் குனிந்து பார்த்து, எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போய் விளங்கிக்கொள்ளக்கூடிய யந்திரம் அது. இந்தக் கார் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு நான் அறிந்த முதற் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் நாட்டுப் பொருளாதாரம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. 1977இல் கதவு திறக்கும் வரைக்கும் ஐம்பதுகளில் வந்து சேர்ந்த கார்களை வைத்துத்தான் நாடு ஓடியது. குடாநாட்டில் ஹயர் ஓட்டியவர்களுக்கு ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிட்ஜ். ஆசிரியர்களுக்கும் டொக்டர்மாருக்கும் கந்தோர் உத்தியோகத்தர்களுக்கும் மொறிஸ் மைனர். அப்பா எழுபதுகளின் நடுவில் ஓய்வுபெற்ற ஒரு டொக்டரிடம் வாங்கிய எங்களுடைய கார் 1959ஆம் ஆண்டு பதிந்தது. 948 சி.சி., ஒரே துண்டு முன்கண்ணாடி, பக்கத் தூணுக்குள்ளிருந்து செம்மஞ்சள் கை நீட்டித் திரும்பும் திசை காட்டும் கைகாட்டி. 1961இல் மின்னும் விளக்குகள் வந்ததும் கொம்பனி அந்தக் கைகாட்டியை நிறுத்திவிட்டது.

இலக்கத்தகட்டில் அரசாங்கம் கட்டாயமாக்கிய சிங்கள ஸ்ரீ இருந்தது. 1957இல் அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியபோது அப்பா இளந்தாரி. எங்கள் ஊரில் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடிய கார்களைப் பற்றி அவர் விடிய விடியக் கதைப்பார். அந்த எழுத்தைத் தாங்கிய காரையே பிறகு வாங்கியதைப் பற்றிக் கேட்டால், "எழுத்தை அரசாங்கம் எழுதினது, காரை அவை செய்யேல்லை" என்பார்.

சாவியைத் திருகியதும் எஞ்சின் உடனே இயங்காது. முதலில் எஸ்.யூ. பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்துப் பெற்றோலை இழுக்கும். காபரேற்றர் நிறைந்ததும் வேகம் குறைந்து நின்றுவிடும். நின்ற பிறகு ஸ்ராட்டர் குமிழை இழுக்க வேண்டும். சாவி திருகிய பிறகும் டிக் நிற்காவிட்டால் எங்கேயோ ஒழுக்கு. டிக் சத்தமே வராவிட்டால் பம்பின் தொடுமுனை கருகியிருக்கிறது, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தச் சத்தத்தின் கணக்குத் தெரியும். அம்மா குசினிக்குள் நின்றபடியே, "என்னப்பா, இண்டைக்கு நிறைய நேரம் அடிக்குது, குழாயைப் பாருங்கோ" என்று குரல் கொடுப்பா.

லைற்றைத் தணிக்கும் சுவிற்ச் கிளச்சுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது, இடது காலால் மிதிக்க வேண்டும். வேகமானி டாஷ்போட்டின் நடுவில். பின்சீற்றிலிருந்து எட்டிப் பார்க்க எங்களுக்கு அது வசதி. 40 மைலைத் தாண்டினால் தம்பி கத்துவான், அம்மா அப்பாவைப் பார்ப்பா, முள் இறங்கும். முதலாம் கியருக்கு ஒத்திசைவு இல்லை. கார் முழுதாக நின்ற பிறகே போட வேண்டும். அவசரப்பட்டால் பற்கள் அரைபடும் சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்கும். கியரைக் குறைத்துக்கொண்டு வரும்போது புகைக்குழாயிலிருந்து ஒரு பொருமல் வரும், அதை வேறெந்தக் காரிலும் நான் கேட்டதில்லை. இங்கிலாந்தில் இந்தக் காரைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காண்பவர்கள் அந்தப் பொருமலைக் கேட்டுத்தான் சொல்வார்களாம்.

கீரிமலைக்கு ஆடி அமாவாசைக்குப் போவோம். பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போவோம். வருடத்தில் ஒருதரம் கொழும்பில் இருந்த மாமா வீட்டுக்கு நெடும்பயணம். அந்தப் பயணத்தில் கார் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போனதே கிடையாது. ஏ-9 வீதியில் போகிற எந்த வாகனமும் அங்கே நிற்கும். அப்பா தேங்காய் உடைப்பார், அம்மா கச்சான் வாங்குவா, அப்பா றேடியேற்றர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து தண்ணீர் பார்ப்பார். சாமிக்கும் காருக்கும் ஒரே இடத்தில் பார்த்து முடித்துவிடுவோம்.

இந்தக் காரிலும் ஒரு பலவீனம் உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு திருகாணி மரை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக்கொண்டுதான் திரும்பும். அதற்குள் கிறீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்து முடிந்த அன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மூட்டுக் கழன்று, சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்து, கார் மூக்கால் நிலத்தைத் தொடும். இது உலகம் முழுக்க மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விசயம். கொக்குவிலில் எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக் அண்ணை அப்பாவை விட வயதில் நல்லாக் குறைந்தவர், ஆனால் இந்த ஒரு விசயத்தில் அப்பாவுக்கே வாத்தியார். "மாஸ்டர், மாசம் பிறந்தால் கிறீஸ் அடிச்சுப்போட்டுத்தான் சாப்பாடு, சொல்லிப்போட்டன்" என்பார். முதலாம் திகதி காலையில் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போவார். பழைய கிறீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வந்து, பின்னால் புதிய கிறீஸ் மஞ்சளாக எட்டிப் பார்க்கும் வரை பம்பை அழுத்த வேண்டும். மஞ்சள் தெரிந்துவிட்டதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பது என்னுடைய வேலை.

1990 யூன் மாதம் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மறுபடியும் தொடங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்ட பட்டியலில். மின்சாரம் போய்விட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். பெற்றோல் போத்தற் கணக்கில், தங்கம் வாங்குகிற விலைக்கு, தெரிந்தவர்களிடம் மட்டும் கிடைத்தது. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் கிடைத்தது.

யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடப் பழகியது.

இதைப் பற்றி வெளியில் பலர் எழுதும்போது, ஏதோ எண்ணெயை மாற்றி ஊற்றினார்கள், கார் ஓடியது என்று போய்விடுகிறார்கள். அப்படி ஓடாது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலக் குளிரில் ஆவியாகாது. காபரேற்றரிலிருந்து துளியாகவே சிலிண்டருக்குள் போய் நனைத்துவிட்டு நிற்கும். ஆவியாக வேண்டுமென்றால் வழியில் சூடு வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போடும். பிறகு வந்த யப்பான் கார்களின் எஞ்சின்கள் அழுத்தம் கூடியவை, இந்த வைத்தியத்துக்கு அவை அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. மொறிஸ் மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினிலோ காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் வழியும் புகை வெளியே போகும் வழியும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. புகையின் சூடு உள்ளே போகும் எரிபொருளைத் தானாகவே காய்ச்சிக் கொடுக்கும். இங்கிலாந்தில் குளிருக்காகச் செய்த ஏற்பாடு எங்களுக்கு மண்ணெண்ணெய்க்கு உதவியது.

மெக்கானிக் அண்ணை எங்கள் காருக்குச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினின் தலையைக் கழற்றி இரட்டைக் காஸ்கற் போட்டார், அழுத்தம் குறைய. டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பினார், பொறி கொஞ்சம் பிந்தி விழ. பொனற்றுக்குள் ஒரு மருந்துப் போத்தலைத் தலைகீழாகக் கட்டி அதிலிருந்து மெல்லிய குழாயொன்றைக் காபரேற்றருக்கு இறக்கினார். நடுவில் ஒரு திருகுபிடி. போத்தலில் பெற்றோல், பின்னால் தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, றேடியேற்றர் சுடும்வரை வைத்திருந்து, பிடியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். வீடு வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முந்தி மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் காபரேற்றர் முழுக்க மண்ணெண்ணெய் நின்று அடுத்தநாள் ஸ்ராட் வராது. பிரித்தானிய விவசாயிகளின் ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை நாற்பதுகளின் கடைசியிலேயே இந்த இரட்டை முறையில்தான் ஓடியது. கொக்குவிலில் அதை எவரும் புத்தகம் பார்த்துச் செய்யவில்லை. பசி மாதிரி ஒரு தேவை வந்தது, செய்தார்கள்.

பற்றரியில் ஸ்ராட்டரைச் சுற்றும் பலம் போய்விட்டது. புதிது கிடையாது. பம்பருக்குக் கீழே இருந்த ஓட்டை அப்போதுதான் எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது. கார் வாங்கிய நாளிலிருந்து டிக்கியில் கிடந்த கைப்பிடியை அதனூடாக விட்டு எஞ்சினைச் சுற்றி ஸ்ராட் பண்ண வேண்டும். அப்பா பழக்கினார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள், சுற்றிப் பிடிக்காதே. எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் பெருவிரல் முறியும். கீழிருந்து மேலே இழு, ஒருபோதும் மேலிருந்து கீழே அழுத்தாதே. பாதி வட்டத்தில் ஒரு கனம் கைக்குத் தெரியும். அந்தக் கனத்துக்கு மேலே ஒரே இழுவை.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினில் ஒரு வினோதம் உண்டு. ஒயில் குறைவதில்லை, கூடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு சேர்ந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும். கிடைக்கிற ஒயிலை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றிய ஒயிலை எறியமாட்டோம், அரித்தெடுத்து விளக்குக்கு வைத்திருப்போம். றோட்டெல்லாம் வெள்ளைப் புகை. கண் எரியும், உடுப்பு மணக்கும். அந்த மணத்தை இன்றைக்கும் எங்கேயாவது முகர்ந்தால் எனக்கு இருபது வயது.

அந்த ஐந்து வருடமும் எங்கள் கார் குடும்பத்துக்காக ஓடியது குறைவு. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, ஷெல் பட்ட காயம் என்று இரவில் யாராவது வந்து படலையில் தட்டுவார்கள். அப்பா போத்தலில் எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். பெரியாஸ்பத்திரி வரை போக ஸ்ராட்டுக்கு ஒருதரம், திரும்பி வர ஒருதரம். இரண்டுதரத்துக்கு இருந்தால் போதும், புறப்பட்டுவிடுவார். விமானச் சத்தம் கேட்டால் லைற்றை அணைத்துவிட்டு மரத்துக்குக் கீழே ஒதுக்கி, எஞ்சினை மட்டும் நிறுத்தாமல் காத்திருப்பார். நிறுத்தினால் பெற்றோல் கணக்குப் பிழைத்துவிடும்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த நாள். இலட்சக்கணக்கான சனம், செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், மழை. முன்சீற்றில் அப்பாச்சி. பின்சீற்றில் அம்மாவும், அயலில் இருந்த ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் அவவின் தாயும். கூரையில் அரிசி மூட்டையும் தையல் மெசினும். சனத்தின் நடைவேகத்தில் ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும், மண்ணெண்ணெயும் வீணாகும். ஆகவே அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தார், தம்பியும் நானும் தள்ளினோம். காரின் எடை முக்கால் தொன்தான். ஆட்கள் ஏறியிருந்தாலும் சில்லு உருளத் தொடங்கிவிட்டால் இரண்டு பேர் தள்ளலாம். கைகள் வைத்த இடம் டிக்கியின் விளிம்பு. எங்களுக்குத் தெரியாத மனிதர்கள், தலையில் மூட்டையோடு நடந்து வந்தவர்கள், தங்கள் பையை எங்கள் பம்பரில் கொழுவிவிட்டு ஒரு கையால் தாங்களும் தள்ளினார்கள். விடியும்போது கைதடியில் நின்றோம். அந்தப் பெண்ணுக்குச் சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் மகள் பிறந்தாள்.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, லண்டனுக்குப் போய்விட்ட தம்பி இசிகோனிசைப் பற்றிய விபரங்களை எழுதி அனுப்பினான். அவர் 1906இல் இன்றைய துருக்கியிலுள்ள சிமிர்னாவில் பிறந்தவர். கிரேக்க வழித் தகப்பனுக்கு அங்கே கடல் எஞ்சின் தொழிற்சாலை இருந்தது. 1922 செப்டெம்பரில், கிரேக்க-துருக்கி யுத்தத்தின் முடிவில் அந்த நகரம் எரிந்தது. பிரித்தானியப் பிரஜைகள் என்றபடியால் குடும்பத்தைப் பிரித்தானியக் கடற்படை ஏற்றி மோல்ற்றாவில் இறக்கியது. வீடும் தொழிற்சாலையும் போயின. தகப்பன் கொஞ்சக் காலத்திலேயே இறந்துபோனார். பதினாறு வயதுப் பையன் தாயோடு இங்கிலாந்துக்குப் போய், கணிதப் பாடத்தில் திரும்பத் திரும்பத் தோற்று, படம் கீறும் திறமையால் மேலே வந்தான்.

அப்பா அந்தக் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார். கணித வாத்தியாருக்குக் கணிதத்தில் தோற்ற செய்தி கவலையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தாயும் மகனும் கப்பலிலை ஏறேக்கை கையிலை என்ன கொண்டு போனவையாம்?" தம்பிக்கு அது தெரியவில்லை. எனக்கும் இன்றைக்கு வரைக்கும் அந்த விபரம் கிடைக்கவில்லை. ஆனால் நாலு பேர் நெருங்கி இருக்கவும், சின்னக் கூலிக்காரனும் வைத்துப் பராமரிக்கவும் கூடியதாக ஒரு காரை நினைத்தவனுடைய மனதில், ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவனின் நினைவு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பிறகு அவர் வடிவமைத்த மினி காரை உலகம் அவருடைய மேதைமைக்குச் சான்றாகச் சொல்கிறது, சொல்லட்டும். எனக்கு அவர் மொறிஸ் மைனர்க்காரர்.

யுத்தத்தால் மூடிக் கிடந்த ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் மறுபடியும் திறந்தது. முகமாலைச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றி, ஆனையிறவின் உப்புவெளியில் சிதைந்து கிடந்த கவச வாகனங்களைத் தாண்டி, இரண்டு பக்கமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவால் எங்கள் கார் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு முறிகண்டிக்குப் போனது. அப்பா தேங்காயும் உடைத்தார், றேடியேற்றரும் பார்த்தார். அடுத்த வருடம் கொழும்புக்கே ஓட்டிப் போனோம், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேட. அங்கே ஒரு பழைய கடையில் சிங்கள முதியவர் ஒருவர் எங்கள் பட்டியலை வாங்கிப் பார்த்தார். கார் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தது என்று கேட்டதும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு றோட்டுக்கு வந்தார். பொனற்றைத் திறக்கச் சொன்னார். போத்தல் கட்டியிருந்த கம்பியை நாங்கள் கழற்றவில்லை, அது எதற்கு என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். அப்பா அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினார். அவர் ஒயில் அளவுகோலை இழுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து முகர்ந்தார். பிறகு உள்ளே போய், விலை போட்டு வைத்திருந்த கீழ்மூட்டுச் சோடியைக் கொண்டு வந்து, அரைவாசிக் காசு மட்டும் எடுத்துக்கொண்டார்.

தெற்கில் இந்தக் காருக்கு இருக்கிற மதிப்பை அந்தப் பயணத்தில்தான் கண்டேன். அந்த மதிப்புக்கு இங்கிலாந்தோடும் ஒரு தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் எழுபதுகளிலிருந்து மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்தியவர். ஒரு காரை எறியாமல் தலைமுறைக்கும் வைத்திருக்கலாம் என்பது அவருடைய கொள்கை. தொண்ணூறுகளில் அவர் இலங்கைப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இங்கே செய்த பாகங்கள் கப்பலேறி இங்கிலாந்துக் கார்களுக்குப் போயின. காரைப் பெற்ற நாட்டுக்குக் காரின் உறுப்புகளைச் செய்து அனுப்பிய நாடு எங்களுடையது. அதே வருடங்களில் நாட்டின் வடக்கு முனையில் நாங்கள் மருந்துப் போத்தல் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு கைவினையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை. யாராவது ஒரு அருங்காட்சியகம் அந்தக் காலத்து மண்ணெண்ணெய்க் காபரேற்றர்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நான் பல இடத்தில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். அதைச் செய்த கைகளுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது மைனருக்கு விலை ஏறிவிட்டது. கலியாணங்களுக்கு மாலை கட்டி ஓட்டக் கேட்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை, பார்வையில் படுகிற கார்தான் பராமரிக்கப்படும். ஆனால் பொனற்றுக்குள் பளபளப்பாக நிக்கல் பூசி, கிழமைக்கு ஒருநாள்கூட ஓட்டாமல் துணியால் மூடி வைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. மூட்டுகளில் கிறீஸ் இறங்குவதும் பிறேக் உருளைக்குள் துரு ஏறாமல் இருப்பதும் ஓட்டத்தால்தான். பிறேக்கின் தலைமை உருளையை இசிகோனிஸ் சாரதியின் காலடியில், நிலத்தகட்டுக்குக் கீழே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார். விரிப்பைத் தூக்கி, தகட்டு மூடியைக் கழற்றி, பிறேக் ஒயில் மட்டம் பார்க்க வேண்டும். இந்தக் காரில் எனக்குக் கோபம் வரும் ஒரே இடம் அது.

அப்பா காலமாகிவிட்டார். காஸ்கற் மறுபடியும் ஒற்றையாகி, கார் பெற்றோலில் ஓடுகிறது. என் மகள் அதில் ஓட்டப் பழகுகிறாள். முதலாம் கியரை இப்போது சத்தமில்லாமல் போடுகிறாள். பின்னால் வரும் லொறிக்காரருக்குப் பழைய கைகாட்டி விளங்காது என்று பம்பருக்குக் கீழே சின்ன மின்விளக்குகள் பூட்ட வேண்டியிருந்தது. கைகாட்டியைக் கழற்றக்கூடாது என்று அவள் நின்றுகொண்டதால் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. முன் இடது பிறேக்குக்குப் புதிய லைனிங் ஒட்டக் கொக்குவிலில் கொடுத்திருக்கிறோம். மெக்கானிக் அண்ணையின் மகன்தான் இப்போது கராச்சைப் பார்க்கிறார், சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தந்தால், தை பிறந்ததும் திருகோணமலைக்குக் கோணேஸ்வரம் பார்க்கப் புறப்படுகிறோம். முறிகண்டி வரைக்கும் நான் ஓட்டுவது, அங்கே தேங்காய் உடைத்த பிறகு ஸ்ரியறிங் அவளுக்கு. எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறாள்.